சில்வர்னு ஒரு கலரே கிடையாது பாஸ்!

வாஷிங்டன் மெட்ரோ ரயிலில் மொத்தம் ஆறு லைன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம்... ஆறாவது என்ன தெரியுமா? சில்வர்! நாம ஏற வேண்டியது அதில்தான். பொருத்தமான லைன்தான், ஏன்னு போகப் போகப் புரியும். நகரத்தை விட்டு வெளியே வந்து, டல்லஸ் ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கணும். 2022 நவம்பரில்தான் ரயில் அதுவரைக்கும் நீண்டது. அங்கிருந்து பஸ் பிடிச்சா கொஞ்ச தூரத்தில் ஷான்டிலி. வர்ஜீனியா மாநிலத்து ஊர். அங்கே ஒரு பிரமாண்டக் கொட்டகை நிற்கும். அதுதான் ஸ்டீவன் எஃப். உட்வார்-ஹேஸி சென்டர். ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி மியூசியத்தின் இரண்டாவது வீடு. 2003 டிசம்பரில் திறந்தாங்க.

நுழைவுக் கட்டணம்? பைசா கிடையாது. காரில் போனால் பார்க்கிங்குக்கு மட்டும் பர்ஸைத் திறக்கணும். கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் லீவு. கேமரா தாராளமா எடுத்துட்டுப் போகலாம், ட்ரைபாடை மட்டும் ரூமிலேயே வெச்சுட்டுப் போங்க, உள்ளே விட மாட்டாங்க.

எம்.எஸ். படிக்க அந்தப் பக்கம் போயிருக்கிற சீனியர் யாராவது இருந்தா அவங்களுக்கு இந்தக் கட்டுரையைக் கொடுங்க. இன்னும் போகாதவங்களுக்கும் இதில் விஷயம் இருக்கு. முக்கியமா, ஹாஸ்டல் ரூமில் டேபிள் லாம்ப் வெளிச்சத்தில் பிளாஸ்டிக் விமான கிட்டை ஒட்டிக்கிட்டு, "எல்லாம் சரியா வந்துச்சு, சில்வர் பெயின்ட் அடிச்சதும் பொம்மை மாதிரி ஆயிடுச்சே!"னு தலையில் கை வெச்சுட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு!

ஸ்கேல் மாடல் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1/72 என்றால் நிஜ விமானத்தில் 72 செ.மீ. இருப்பது உங்க கையில் 1 செ.மீ. பச்சை, பழுப்பு கேமஃபிளாஜ் அடிக்கிறது பழகினால் வந்துடும். பெயின்டே அடிக்காத, வெறும் உலோகத் தோலோடு பறந்த விமானத்தைப் பிளாஸ்டிக்கில் கொண்டு வர்றதுதான் இந்த ஹாபியில் பெரிய பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு இந்தக் கொட்டகையை விட நல்ல டெக்ஸ்ட் புக் கிடைக்கறது கஷ்டம்.

கறுப்பில் ஆரம்பிப்போம்

உள்ளே நுழைஞ்சதும் நீங்க நிற்கிறது மேல்மாடியில். கீழே எட்டிப் பார்த்தா நேர் எதிரே உங்களையே முறைச்சுக்கிட்டு ஒரு கறுப்பு அம்பு. எஸ்.ஆர்.-71 உளவு விமானம். அதன் உடம்பில் பெரும்பகுதி டைட்டானியம். ஆனா உலோகம் கண்ணுக்கே தெரியாது. வேகத்தில் ஏறுற சூட்டை வெளியே தள்ளுறதுக்காகக் கறுப்புப் பெயின்ட் பூசியிருக்காங்க. போட்டோ எடுத்துக்கிட்டு நகருங்க. நாம தேடி வந்தது இதுக்கு நேர் எதிர்ச் சாதி.

கொட்டகைக்குள்ளே நடக்க இரண்டு வழி. தரையில் நடந்தா விமானங்களின் வயிறு தெரியும். உயரத்தில் கட்டின நடைபாலத்தில் நடந்தா முதுகு தெரியும். உலோகத் தோலைப் படிக்க இரண்டுமே தேவை. ஏன்னா மேலே கூரை விளக்கு, கீழே தரை. உலோகம் இரண்டையும் வாங்கிக் காட்டும்.

கடல் தண்ணீர் குடிச்ச விமானம்

முதல் பாடம் போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர். கேபினுக்குள் காற்றழுத்தம் கொடுத்து, மேகத்துக்கு மேலே பயணிகளைக் கூட்டிட்டுப் போன முதல் பயணிகள் விமானம். மொத்தமே பத்துதான் கட்டினாங்க. மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். பான் அமெரிக்கன் கம்பெனிக்காக 1940ல் பறக்க ஆரம்பிச்சது.

குண்டா, திமிங்கிலம் மாதிரி உடம்பு. மொத்தமும் பாலிஷ் போட்ட அலுமினியம். பக்கத்தில் போய் நின்னா உங்க சட்டைக் கலர் அதில் நெளியும்.

இந்த விமானத்துக்கு ஒரு கதை உண்டு. வருஷக்கணக்கில் பாடுபட்டுப் புதுப்பிச்சு, மியூசியத்துக்குக் கிளம்ப இருந்த நேரம். 2002 மார்ச் 28 அன்னிக்கு ஒரு சோதனைப் பறப்பில் எரிபொருள் தீர்ந்து, சியாட்டில் நகரத்தை ஒட்டின எலியட் விரிகுடாவில் தண்ணீரிலேயே இறங்கிடுச்சு! உள்ளே இருந்த நாலு பேரும் தப்பிச்சாங்க. ஆனா அலுமினியமும் உப்புத் தண்ணியும் ஜென்ம விரோதிகள். திரும்ப எல்லாத்தையும் அலசி, துடைச்சு, சரி பண்ணி, 2003ல் இங்கே பறந்தே வந்து சேர்ந்தது.

விமான அலுமினியம் சுத்த அலுமினியம் இல்லை என்பதை இங்கே தெரிஞ்சுக்கணும். சுத்தமான அலுமினியம் துருப்பிடிச்சு அரிக்காது, ஆனா மெத்து மெத்துனு இருக்கும். செம்பு கலந்த அலாய் பலமா இருக்கும், ஆனா சீக்கிரம் அரிச்சுடும். அதனால் அலாய்த் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாப் போர்த்தினாங்க. அதுக்குப் பேர் 'ஆல்கிளாட்'. மாடல் பண்றவங்க வாங்கற ஆல்கிளாட் பெயின்டுக்கு அந்தப் பேர் வந்தது இப்படித்தான். நாம பார்த்து மயங்கற பளபளப்பு அந்த மெல்லிய போர்வைதான். ஆர்வக்கோளாறில் ஓவரா பாலிஷ் போட்டால் போர்வை தேய்ஞ்சு போயிடும்.

மெஸ் தட்டு சொல்லும் பாடம்

இப்போ ஸ்ட்ராட்டோலைனரை உத்துப் பாருங்க. ஒரு தகடு வெளுப்பா தெரியும், அதுக்கு அடுத்த தகடு கொஞ்சம் கறுத்துத் தெரியும். இரண்டடி நகர்ந்து பார்த்தா வெளுத்தது கறுக்கும், கறுத்தது வெளுக்கும். பெயின்ட் அடிச்ச விமானம் இந்த வேலை காட்டவே காட்டாது.

என்ன மாயம்? மெஸ்ஸில் சாப்பிடும்போது உங்க எவர்சில்வர் தட்டைக் கவனிச்சிருக்கீங்களா? கம்பி நாரால் வட்டமா தேய்ச்சுத் தேய்ச்சு அதில் வட்ட வட்டமா மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். தட்டைச் சுழற்றினா அந்தக் கோடுகளில் வெளிச்சம் ஓடும். அலுமினியத் தகட்டை ஆலையில் உருளைகளுக்கு நடுவே கொடுத்து இழுக்கும்போதும் ஒரே திசையில் நுண்ணிய வரிகள் விழும். பக்கத்துப் பக்கத்துத் தகடுகளை வேறு வேறு திசையில் வெட்டி ஒட்டினால், ஒரே வெளிச்சத்தில் இரண்டும் இரண்டு நிறமாத் தெரியும். அவ்வளவுதான் மேட்டர்!

ஆக, சில்வர் என்பது ஒரு கலரே இல்லை. வானம் நீலமா இருந்தா உலோகத்தின் மேல்பாகம் நீலம். கீழே செம்மண் இருந்தா வயிறு செம்மண். டப்பாவில் அடைச்சு விற்கிற சில்வர் பெயின்டில் இருக்கிறது உலோகத் தூள் கலந்த சாம்பல் நிறம். ஒரே டப்பாவை விமானம் முழுக்க அடிச்சா ஏன் பொம்மை மாதிரி ஆகுதுனு இப்போ புரியுதா?

இன்னொரு ரகசியமும் இருக்கு. 'வெறும் உலோக விமானம்'னு நாம நினைக்கிற பலதும் முழுக்க வெறும் உலோகம் இல்லை. இரண்டாம் உலகப் போரின் பல விமானங்களில் வால் பக்கத்தில் அசையும் பாகங்கள் துணியால் போர்த்தினவை. அதன் மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு. பளபளக்காது, மங்கலாத்தான் இருக்கும். புகழ்பெற்ற பி-51 மஸ்டாங்கை எடுத்துக்கங்க. காற்று வழுக்கிட்டுப் போகணும்னு இறக்கையின் முன்பகுதியில் ரிவெட், இணைப்புக் கோடு எல்லாத்தையும் பட்டி பூசி அடைச்சு, மேலே சில்வர் பெயின்ட் அடிச்சாங்க. உடம்பு உலோகம், இறக்கை பெயின்ட்! இரண்டையும் ஒரே மாதிரி மின்ன வைக்கிற மாடல், விஷயம் தெரிஞ்சவங்க கண்ணில் அங்கேயே ஃபெயில்.

அந்தப் பெரிய வெள்ளி விமானம்

நடைபாலத்தில் இன்னும் கொஞ்சம் போங்க. கண்ணாடி மூக்கோடு, நாலு இன்ஜினோடு ஒரு ராட்சதன் வரும். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 43 மீட்டர். தாங்கிகள் மேல் ஏற்றி நிறுத்தியிருக்காங்க, கீழே சின்ன விமானங்கள். அந்தச் சின்ன விமானங்களில் ஜப்பானியப் போர் விமானங்களும் உண்டு.

பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ். மூக்குக்குக் கீழே எழுதியிருக்கிற பேர்: எனோலா கே. ஓட்டின பால் டிபெட்ஸ் தன்னோட அம்மா பேரை எழுத வெச்சார். 1945 ஆகஸ்ட் 6 அன்னிக்கு ஹிரோஷிமா மேல் அணுகுண்டைப் போட்டது இதே விமானம்தான். அந்த வருஷக் கடைசிக்குள் சுமார் 1,40,000 பேர் இறந்திருப்பாங்கனு ஹிரோஷிமா நகராட்சி மதிப்பிட்டிருக்கு.

சிரிச்சுப் பேசிட்டு வந்தவங்க இங்கே சத்தத்தைக் குறைச்சுக்குவாங்க. ஆனா மாடல் பண்றவங்க கண் இங்கேயும் தகட்டைத்தான் தேடும். தேடலாம், தப்பில்லை. தேடினா இந்த விமானம் பதில் சொல்லும்.

முதல் கேள்வி: போர் விமானத்துக்கு ஏன் பெயின்ட் அடிக்கலை? பச்சை அடிச்சா எதிரி கண்ணில் படாம ஒளியலாமே? 1944 தொடக்கத்திலிருந்து அமெரிக்க ராணுவம் புது விமானங்களுக்குப் பச்சை அடிக்கிறதையே விட்டுடுச்சு. பெயின்ட் இல்லைனா எடை குறையும், தொழிற்சாலையில் நேரம் மிச்சம், காற்றில் இன்னும் கொஞ்சம் வழுக்கும். இதெல்லாத்துக்கும் மேலே இன்னொரு காரணம்: ஒளிய வேண்டிய தேவை குறைஞ்சு போச்சு. வானத்தில் யார் கை ஓங்கியிருக்குனு தெரிஞ்ச பிறகு வந்த பளபளப்பு இது. வெயிலில் பல மைல் தூரத்துக்கு மின்னினாலும் பரவாயில்லைங்கிற தைரியம். கீழே நிற்கிறவனுக்கு அதே மின்னல் எப்படித் தெரிஞ்சிருக்கும்? இரண்டு பக்கமும் நின்னு யோசிச்சாத்தான் இந்த உலோகம் முழுசாப் புரியும்.

இரண்டாவது கேள்வி: இந்தப் பளபளப்பு 1945ஆம் வருஷத்துப் பளபளப்பா?

இல்லை. போர் முடிஞ்ச பிறகு இந்த விமானம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1953லிருந்து 1960 வரை வாஷிங்டன் பக்கத்தில் ஆண்ட்ரூஸ் விமானத் தளத்தில் திறந்த வெளியில் கிடந்தது. மழை, வெயில், கூடு கட்டின பறவைகள், ஞாபகார்த்தமா பாகங்களைக் கழட்டிட்டுப் போன மனுஷங்க. அப்புறம் துண்டு துண்டாக் கழட்டி மேரிலாண்டில் ஸ்மித்சோனியனின் கிடங்கில் வெச்சாங்க. 1984 டிசம்பரில் புதுப்பிக்கும் வேலை தொடங்கி, முழு விமானமும் ஒண்ணு சேர்ந்தது 2003ல். செலவான உழைப்பு சுமார் 3 லட்சம் மணி நேரம். இப்போ நீங்க பார்க்கிற மினுமினுப்பு அந்தக் கைகள் கொடுத்தது.

1945ல் இது நின்ன இடம் பசிபிக் கடலில் டினியன் தீவு. பவளப்பாறையை நொறுக்கிப் போட்ட ஓடுபாதை. வெள்ளைத் தூசி, உப்புக் காற்று, இன்ஜினுக்குப் பின்னால் வழிஞ்ச ஆயில், புகை. போருக்குப் போன விமானம் கல்யாண வீட்டு வெள்ளிக் குடம் மாதிரி இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

இந்த மினுமினுப்பைச் சுத்தி சண்டையும் நடந்திருக்கு. 1995ல் விமானத்தின் முன்பகுதியை மட்டும் நகரத்து மியூசியத்தில் வெச்சபோது, இதை எப்படிச் சொல்லிக் காட்டறதுங்கிற சர்ச்சையில் மியூசியத்தின் டைரக்டர் மார்ட்டின் ஹார்விட் பதவியையே விட்டார். 2003ல் இங்கே திறந்தபோது, குறிப்புப் பலகையில் விமானத்தின் தொழில்நுட்ப விவரம்தான் இருக்கு, செத்தவங்களைப் பத்தி இல்லையேனு எதிர்ப்புக் கிளம்பியது. திறந்த அன்னிக்கே ஒருத்தர் சிவப்புத் திரவம் நிரப்பின பாட்டிலை வீச, ஒரு தகடு நசுங்கிச்சு. பளபளனு ஒரு பொருளைத் துடைச்சு வைக்கிறதும் ஒரு கருத்துதான் என்பதை இந்தச் சண்டைகள் காட்டுது.

இனி உங்க மேஜைக்கு வருவோம்

மாடல் பண்ண உட்காரும் முன்னே பெயின்டைத் தொடாதீங்க. முதலில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்க: நான் பண்ணப் போறது எந்த நாளின் விமானம்? தொழிற்சாலையிலிருந்து உருண்டு வெளியே வந்த நாளா? தீவில் தூசி தின்ன நாளா? மியூசியத்தில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற இன்னிக்கா? மூணும் மூணு பூச்சு. பதில் கிடைச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. மிச்சம் இதோ:

* பிளாஸ்டிக்கைத் தயார் பண்ணுங்க. உலோகப் பூச்சு எதையும் மறைக்காது, கீறலை இன்னும் பெருசாக் காட்டும். 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு வரிசையாத் தேய்ங்க. கடைசியில் கொஞ்சம் டூத்பேஸ்ட்டைத் துணியில் தொட்டுத் தேய்ச்சாலும் பளபளப்பு ஏறும். பிறகு கழுவிட்டு, விரல் ரேகை படாமல் பிடிங்க.

* ஏர்பிரஷ் இருக்கிறவங்க முதலில் பளபளக்கும் கறுப்பை அடிங்க. நல்லாக் காய விடுங்க. அதன் மேல் உலோக லாக்கரை, காற்றழுத்தத்தைக் குறைச்சு, மெல்லிசா, பல தடவை. அடியில் கறுப்பு மினுங்கினாத்தான் மேலே உலோகம் ஆழமாத் தெரியும். ஆல்கிளாட் மாதிரி லாக்கர் உண்டு. நெடி வேண்டாம்னா வாலேஹோ கம்பெனியின் தண்ணீரில் கரையும் உலோக வண்ணமும் உண்டு.

* ஒரே ஷேடில் நிறுத்தாதீங்க. நாலைந்து தகடுகளைச் சுத்தி மாஸ்க்கிங் டேப் ஒட்டி, கொஞ்சம் இருட்டான உலோக ஷேடை லேசா ஊதுங்க. வித்தியாசம் தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கணும். செஸ் போர்டு மாதிரி கட்டம் கட்டமா ஆச்சுனா காரியம் கெட்டுது.

* ஏர்பிரஷ் இல்லையா? கவலையே வேண்டாம். பரோட்டா பார்சல் கட்டற அலுமினிய ஃபாயில் போதும்! மாடலில் மெல்லிசாப் பசை தடவி, தகடு அளவுக்கு வெட்டின ஃபாயிலை ஒட்டி, காது பட்ஸால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்ங்க. இணைப்புக் கோட்டில் புது பிளேடால் மிச்சத்தை வெட்டுங்க. அப்புறம் மெல்லிய கம்பி நாரால் ஒரு தகட்டை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் லேசா வருடுங்க. ஆலையில் விழுந்த வரிகள் உங்க மேஜையில் வந்துடும். ஃபாயிலைத் தண்ணீரில் கொதிக்க விட்டா மங்கிக் கறுக்கும், பழைய தகட்டுக்கு அதுவும் உதவும். இதெல்லாம் நிஜ உலோகம் என்பதால் எந்தப் பெயின்டும் இதோடு போட்டி போட முடியாது. ஆனா பொறுமை வேணும் சாமி!

* சூட்டின் நிறத்தை மறக்காதீங்க. ஜெட் விமானத்தின் பின்பக்கம் சூடாகும்போது உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் வளரும். அந்தப் படலத்தின் கனத்தைப் பொறுத்து நிறம் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். எஃப்-100 சூப்பர் சேபர் வெறும் உலோகத்தில் பறந்த காலத்துக் கலர் போட்டோவைப் பாருங்க, வால் பக்கம் வானவில்லே இருக்கும். வண்ணத்தை ரொம்பத் தண்ணியாக் கரைச்சு, ஒண்ணுக்கு மேல் ஒண்ணா ஊதினா வரும்.

* ஸ்கேலை மதிங்க. 1/72ல் பி-29 இறக்கை 60 செ.மீ. வரும். அவ்வளவு சின்னதாக்கின பொருள், நிஜத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கணும். முகம் பார்க்கிற கண்ணாடியா ஆக்கினா அது விமானம் இல்லை, கார் பம்பர்.

* கடைசியில் மேலே வார்னிஷ் அடிக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் யோசிச்சு வெச்சுக்கங்க. தெளிவான வார்னிஷ் கூட உலோக மினுமினுப்பை ஒரு படி இறக்கிடும். டெகால் ஒட்டின இடத்தில், தேவைப்பட்டா மட்டும் போதும்.

முக்கியமான விஷயம்: லாக்கர், தின்னர் நெடி விளையாட்டு இல்லை. ஜன்னலைத் திறந்து வெச்சு, அதுக்கேத்த முகமூடி போட்டு அடிங்க. ரூம்மேட் சிகரெட்டோடு பக்கத்தில் நின்னா முதலில் அவரை வெளியே அனுப்புங்க!

கடைசி வெள்ளிகள்

இந்த வித்தைக்கு இன்னொரு அவசரமும் இருக்கு. பளபளக்கும் உலோகத் தோலோடு பறந்த பெரிய பயணிகள் விமானக் கம்பெனி அமெரிக்கன் ஏர்லைன்ஸ். 2013 ஜனவரியில் அவங்களும் பெயின்டுக்கு மாறினாங்க. காரணம் எளிது. போயிங் 787 மாதிரி புது விமானங்களின் உடம்பு உலோகமே இல்லை, கார்பன் இழை. அதைப் பாலிஷ் போட முடியாது. இனிமே வெறும் உலோகத்தைப் பார்க்கணும்னா பெரும்பாலும் மியூசியத்தில், இல்லைனா மாடல் வைக்கிற கண்ணாடி அலமாரியில்.

அலமாரியில் வைக்கிறது உங்க கையில் இருக்கு. மாடல் முடிஞ்சதும் ஸ்டாண்டில் விமானத்தின் பேரை எழுதுவீங்க இல்லையா, கூடவே நீங்க முதலில் முடிவு பண்ணின அந்த நாளையும் எழுதுங்க. எனோலா கேயைப் பண்ணினா '1945 ஆகஸ்ட் 6'னு எழுதுங்க. "வாவ், சூப்பரா மின்னுதுடா!"னு கையில் எடுக்கிற ஃப்ரெண்ட் அந்தத் தேதியைப் படிச்சுட்டு, "அன்னிக்கு என்ன?"னு கேட்கட்டும். பதில் சொல்ல உங்களுக்கு விஷயம் இருக்கு.